போனில் எடுத்த பெரிய வீடியோக்களை வயர் இல்லாமல் லப்டொப்புக்கு மாற்றுவது எப்படி?

கேள்வி இதுதான். வெள்ளவத்தையில் ஃபிளாட் ஒன்றில் இருக்கும் தம்பி ஒருவர் தன் அக்காவின் அரங்கேற்றத்தைச் சம்சுங் போனில் 4கே தரத்தில் எடுத்திருக்கிறார். எட்டுப் பைல்கள், மொத்தம் 46 ஜிபி. வர்ணம் மட்டும் ஒரே பைலாக 11 ஜிபி. கேபிள் போட்டால் சார்ஜ் ஏறுகிறதே தவிர, விண்டோஸ் 11 லப்டொப்புக்குப் போன் தெரிவதில்லை. வட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்த்தால் படம் மங்கிவிட்டது. கூகுள் டிரைவில் ஏற்றத் தொடங்கினால் வீட்டு டேட்டா முடிந்துவிட்டது. வைஃபையால் அனுப்பும் அப் ஒன்றைப் போட்டால் நாலு மணித்தியாலம் என்று காட்டுகிறது, நடுவில் நின்றும் விடுகிறது. "வேறு நல்ல அப் இருந்தால் சொல்லுங்கள் அண்ணா, கனடாவில் இருந்து பெரியம்மாவும் ஒவ்வொரு நாளும் கேட்கிறா" என்று எழுதியிருக்கிறார்.

தம்பி, அப்பை மாற்றிக்கொண்டே இருந்தால் நாலு மணித்தியாலம் மூன்றே முக்காலாகும், அவ்வளவுதான். பைல் போகிற வழியைப் பாருங்கள். எந்த அலைவரிசையில் போகிறது, காற்றில் எத்தனை தடவை போகிறது என்ற இரண்டும் சரியாக இருந்தால் இப்போது உங்களிடம் உள்ள அதே அப்பே 46 ஜிபியையும் அரை மணித்தியாலத்துக்குள் இறக்கிவிடும்.

முதலில் ஒரு பயத்தைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் கொழும்பில் எத்தனையோ பேர் இதை நினைத்தே வைஃபையால் அனுப்பத் தயங்குகிறார்கள். ஒரே வீட்டில், ஒரே றவுட்டரில் இணைந்திருக்கும் போனுக்கும் லப்டொப்புக்கும் இடையில் பைல் போவதற்கு உங்கள் டேட்டாவில் ஒரு மெகாபைட்டும் கழியாது. பைல் வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. போனிலிருந்து றவுட்டருக்கு, றவுட்டரிலிருந்து லப்டொப்புக்கு. மாத டேட்டா முழுக்க முடிந்துபோன றவுட்டரும், சிம் கழற்றி வைத்திருக்கும் 4ஜி றவுட்டரும் கூட இந்த வேலைக்குக் காணும். கரண்டில் போட்டு வைஃபை பெயர் தெரிந்தால் போதும்.

கூகுள் டிரைவ் ஏன் சரிவரவில்லை என்பதும் இதிலேயே விளங்கும். அங்கே 46 ஜிபி வெளியே போய், திரும்ப 46 ஜிபி உள்ளே வரவேண்டும். 92 ஜிபி டேட்டா. இலவசமாகக் கிடைக்கும் இடமோ 15 ஜிபிதான். ஏற்றும் வேகம் செக்கனுக்கு 10 மெகாபிட் என்று வைத்தால், ஏற்றி முடிக்கவே பத்து மணித்தியாலத்துக்கு மேல். ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு கருவிகளுக்காகப் பைல் கடல் கடந்து போய் வரத் தேவையில்லை. வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது கட்டாயம் சுருக்கும். டொக்கியூமென்ட்டாக அனுப்பினால் தரம் குறையாது, ஆனால் ஒரு பைலுக்கு 2 ஜிபிதான் எல்லை. டெலிகிராமிலும் இலவசக் கணக்குக்கு அதே 2 ஜிபி. புளூடூத்தை நினைத்தும் பார்க்க வேண்டாம்: நடைமுறையில் செக்கனுக்கு 2 மெகாபிட் அளவுதான் போகும், வர்ணத்துக்கு மட்டுமே 12 மணித்தியாலம்.

சரி, இப்போது உங்கள் நாலு மணித்தியாலத்தைப் பிரித்துப் பார்ப்போம். 46 ஜிபியை நாலு மணித்தியாலத்தால் பிரித்தால் செக்கனுக்கு 3 மெகாபைட்டுக்குச் சற்று மேல். வைஃபை வேகத்தை எல்லோரும் மெகாபிட்டில் சொல்வார்கள், பைல் அளவை மெகாபைட்டில் சொல்வார்கள். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். ஆக உங்கள் வீட்டில் உண்மையில் போய்க்கொண்டிருப்பது 25 மெகாபிட். இந்த எண்ணைப் பார்த்த உடனேயே எனக்குச் சந்தேகம் வருவது 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில்தான்.

றவுட்டர்கள் பெரும்பாலும் இரண்டு அலைவரிசையில் வேலைசெய்யும். 2.4 கிகாஹேர்ட்ஸ் சுவரைத் தாண்டித் தூரம் போகும், ஆனால் இடம் குறைவு. ஒன்றோடொன்று மோதாத சனல்கள் என்று எடுத்தால் 1, 6, 11 என்ற மூன்றுதான். காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் ஃபிளாட்டுக்கு மேல் ஃபிளாட்டாக நெருங்கிக் கிடக்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளில், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு றவுட்டர். போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் திரை கொள்ளாத அளவுக்குப் பெயர் வருகிறதல்லவா? அத்தனையும் அந்த மூன்று சனல்களைத்தான் பங்குபோடுகின்றன. போதாததற்குப் புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசை. 5 கிகாஹேர்ட்ஸில் சனல்கள் பல, ஒவ்வொன்றும் அகலம். கொன்க்ரீட் சுவர் ஒன்றிரண்டு தாண்டினால் அதன் பலம் விழுந்துவிடும், உண்மைதான். ஆனால் அடுத்த வீட்டுக்காரரின் 5 கிகாஹேர்ட்ஸும் அப்படியே விழுவதால் உங்கள் அறைக்குள் உங்களுக்கு இடம் கிடைக்கிறது. ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய அனுகூலம்.

எதில் இணைந்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கத் தேவையில்லை, பார்க்கலாம். லப்டொப்பில் செட்டிங்ஸ் திறந்து, நெட்வொர்க் பகுதிக்குப் போய், வைஃபை, அதற்குள் ப்ரொப்பர்ட்டீஸ். கீழே வடிவாகப் பாருங்கள்: நெட்வொர்க் பாண்ட் என்று ஒரு வரி, லிங்க் ஸ்பீட் என்று ஒரு வரி. பாண்ட் 2.4 என்றும் ஸ்பீட் 72 அல்லது 144 என்றும் இருந்தால் கள்ளன் பிடிபட்டான். 5 கிகாஹேர்ட்ஸ் என்றிருந்து 433 காட்டினால் லப்டொப்பில் வைஃபை அன்டெனா ஒன்றுதான் வேலைசெய்கிறது. 866 என்றால் இரண்டு. 1201 என்றால் வைஃபை 6. போனிலும் வைஃபை பெயருக்குப் பக்கத்திலுள்ள பற்சக்கரக் குறியைத் தொட்டால் இதே விபரம் வரும். இரண்டையும் பாருங்கள். ஒன்று 5-இல் இருந்து மற்றது 2.4-இல் இருந்தால் முழு வேகமும் மெதுவானதன் வேகம்தான். பல றவுட்டர்களில் இரண்டு பெயர்கள் தெரியும், 5ஜி என்று முடிவதை எடுங்கள். போன் கம்பனிகளின் 5ஜிக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஒரே பெயர்தான் தெரிகிறது என்றால், றவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போய் இரண்டையும் தனித்தனிப் பெயராகப் பிரித்துவிடலாம்.

அந்த எண்ணை அப்படியே எதிர்பார்க்கவும் கூடாது. 866 என்று காட்டினால் நல்ல நிலையில் கைக்குக் கிடைப்பது 400 முதல் 500 மெகாபிட் வரைதான். வைஃபை தன் சொந்தச் சம்பாஷணைக்கே பாதிக்குக் கிட்ட எடுத்துக்கொள்கிறது.

அடுத்தது, பலரும் கவனிக்காத விஷயம். போனும் லப்டொப்பும் இரண்டும் வைஃபையில் இருந்தால் பைலின் ஒவ்வொரு துண்டும் காற்றில் இரண்டு தடவை போகிறது: போனிலிருந்து றவுட்டருக்கு ஒரு தடவை, றவுட்டரிலிருந்து லப்டொப்புக்கு இன்னொரு தடவை. ஒரு சனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம், ஓர் அறையில் எல்லோரும் முறைவைத்துக் கதைப்பது போல. ஆகவே கிடைத்த 450 மெகாபிட்டும் பாதியாகிறது. செக்கனுக்கு 27, 28 மெகாபைட். அப்படியிருந்தும் 46 ஜிபிக்கு 28 நிமிடம் காணும். 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாறினாலே உங்கள் பிரச்சினை தீர்கிறது என்று நான் சொன்னது இதனால்தான். அறைக்கு சிக்னல் வரவில்லை என்று நடுவில் ரிப்பீட்டர் வைத்திருக்கிறீர்கள் என்றால் இன்னொரு பாய்ச்சல் கூடி, இன்னும் பாதியாகும். அன்றைக்கு மட்டும் போனையும் லப்டொப்பையும் தூக்கிக்கொண்டு றவுட்டர் இருக்கும் ஹோலுக்குப் போய் இருங்கள்.

காற்றில் ஒரு தடவையாகக் குறைக்க ஒரு வழி, லப்டொப்பை லான் கேபிளால் றவுட்டரில் செருகுவது. போன் மட்டும் வைஃபையில். நல்ல யோசனைதான், ஆனால் இதற்குள் ஒரு பொறி இருக்கிறது. இணைய இணைப்போடு வரும் றவுட்டர்களில் கணிசமானவற்றில் லான் துவாரம் 100 மெகாபிட்தான். அப்படியானதில் செருகினால் செக்கனுக்கு 11 மெகாபைட்டுக்கு மேல் போகாது. 46 ஜிபிக்கு எழுபது நிமிடம். கேபிள் இல்லாமல் 5 கிகாஹேர்ட்ஸில் விட்டதை விட இது இரண்டு மடங்குக்கும் மேல் மெதுவு! றவுட்டர் கிகாபிட்டாக, அதாவது 1000 மெகாபிட்டாக, இருந்தாலும் கேபிள் காலைவாரலாம். கிகாபிட்டுக்கு உள்ளே உள்ள எட்டுக் கம்பிகளும் வேண்டும். முனையில் ஒன்று உடைந்திருந்தாலும், நாலு கம்பி மட்டும் உள்ள பழைய கேபிளாக இருந்தாலும், இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். செருகிய பிறகு அதே ப்ரொப்பர்ட்டீஸில் ஈதர்நெட் லிங்க் ஸ்பீடைப் பாருங்கள். 1000 என்றால் பதினைந்து, இருபது நிமிட வேலை. 100 என்றால் கேபிளைக் கழற்றிவிட்டு வைஃபைக்கே திரும்புங்கள்.

இன்னொரு வழி றவுட்டரையே விட்டுவிடுவது. உங்கள் நிலைமைக்கு நான் சொல்லக்கூடிய மிக நல்ல வழி இதுதான். போனில் மொபைல் ஹொட்ஸ்பொட்டைப் போட்டு, லப்டொப்பை நேரே அதில் இணையுங்கள். போனிலிருந்து லப்டொப்புக்கு ஒரே பாய்ச்சல், நடுவில் யாரும் இல்லை. செய்யும்போது மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ஹொட்ஸ்பொட் செட்டிங்ஸில் பாண்ட் 5 கிகாஹேர்ட்ஸ் என்று தெரிவுசெய்யுங்கள்; பேசாமல் விட்டால் பல போன்கள் 2.4-இல்தான் தொடங்கும், பிறகு பாடுபட்டதற்குப் பலனில்லை. போனின் மொபைல் டேட்டாவை நிறுத்துங்கள். இது முக்கியம்: நிறுத்தாவிட்டால் லப்டொப் இணையம் கிடைத்த சந்தோஷத்தில் விண்டோஸ் அப்டேட்டை உங்கள் சிம்மிலிருந்து இழுக்கத் தொடங்கிவிடும். அப்புறம், லப்டொப் இணையம் இல்லை என்று எச்சரிக்கும், வேறு வைஃபைக்குத் தாவவும் பார்க்கும். வீட்டு வைஃபைக்குத் தானாக இணைவதைத் தற்காலிகமாக நிறுத்திவிடுங்கள்.

அனெக்ஸில் வாடகைக்கு இருந்து வீட்டுக்காரரின் வைஃபையைப் பாவிப்பவர்களுக்கும், ஹொஸ்டலில் இருக்கும் பிள்ளைகளுக்கும் கூட ஹொட்ஸ்பொட்தான் வழி. அப்படியான இடங்களில் பெரும்பாலும் கெஸ்ட் நெட்வொர்க்தான் தருவார்கள். அதில் இணைந்த கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி தடுத்திருக்கும். பாதுகாப்புக்காகச் செய்வது, நியாயமானதுதான். அங்கே எந்த அப்பைப் போட்டாலும் லப்டொப் தெரியாது.

சரி, அப்புக்கு வருவோம். நான் எல்லோருக்கும் சொல்வது லோக்கல்சென்ட். இலவசம், திறந்த மூலம், விளம்பரம் இல்லை, கணக்குத் திறக்கத் தேவையில்லை; விண்டோஸ், மக், லினக்ஸ், அன்ட்ரொய்ட், ஐபோன் எல்லாவற்றிலும் ஓடும். இரண்டு பக்கமும் நிறுவித் திறந்தால் ஒவ்வொரு கருவிக்கும் தானாக ஒரு பழத்தின் பெயர் வைத்துக்கொள்ளும். போனில் அனுப்பும் பக்கத்தில் வீடியோக்களைத் தெரிவுசெய்து, லப்டொப்பின் பெயரைத் தொட்டு, லப்டொப்பில் ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்கும் முன் எந்தப் போல்டரில் சேமிப்பது என்பதையும் அங்கேயே மாற்றலாம். பைல் அப்படியே வரும், ஒரு பிக்சலும் குறையாது. போகும் வழியில் மற்றவர்கள் பார்க்க முடியாதபடி குறியாக்கமும் செய்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் வேகம் வராவிட்டால், பழைய லப்டொப்பில் அந்தக் குறியாக்க வேலையே சுமையாக இருக்கலாம். சொந்த வீட்டு நெட்வொர்க்கிலோ உங்கள் சொந்த ஹொட்ஸ்பொட்டிலோ மட்டும், இரண்டு பக்கமும் அதை நிறுத்திவிட்டு முயற்சிக்கலாம். மற்றவர்களும் இருக்கும் வைஃபையில் ஒருபோதும் வேண்டாம்.

உங்களுடையது சம்சுங் என்பதால் குயிக் ஷெயாரும் இருக்கிறது. கூகுளின் நியர்பை ஷெயாரும் சம்சுங்கின் குயிக் ஷெயாரும் 2024 ஜனவரியில் ஒன்றாகி அந்தப் பெயரிலேயே வருகின்றன, விண்டோஸுக்கும் உண்டு. புளூடூத்தால் கருவியைக் கண்டுபிடித்து, பைலை வைஃபையால் அனுப்பும். நன்றாக ஓடினால் மிகக் கெதியாக ஓடும். ஆனால் அது எந்த வழியைப் பிடிக்கிறது என்பதை நாம் தீர்மானிக்க முடியாது, எனக்கு அதில் இருக்கும் மனக்குறை அதுதான். ஒரு பைலை அனுப்பி வேகத்தைப் பார்த்துவிட்டு மீதியை முடிவுசெய்யுங்கள். பிரௌசரிலேயே திறந்து அனுப்பும் தளங்கள் இருக்கின்றன, புகைப்படங்களுக்கு அருமை. 11 ஜிபி வீடியோவை அதில் போட வேண்டாம், நினைவகம் நிரம்பிப் பிரௌசர் விழுந்துவிடக்கூடும்.

லப்டொப் தெரியவில்லை என்றால் பத்தில் எட்டுக்குக் காரணம் விண்டோஸின் ஃபயர்வோல். புதிய வைஃபை ஒன்றில் இணையும்போது விண்டோஸ் அதைப் பப்ளிக் என்று எடுத்துக்கொள்ளும், வெளியிலிருந்து வரும் எதையும் உள்ளே விடாது. ஹொட்ஸ்பொட்டும் புதிய வைஃபைதான், அதனால் அங்கேயும் இதே கதை. அதே ப்ரொப்பர்ட்டீஸ் பக்கத்தில் பிரைவேட் என்று மாற்றுங்கள். லோக்கல்சென்ட் முதல் தடவை அனுமதி கேட்கும்போது சம்மதியுங்கள். போனிலோ லப்டொப்பிலோ விபிஎன் ஓடினால் நிறுத்துங்கள். இன்னும் தெரியாவிட்டால் லப்டொப்பின் ஐபி இலக்கத்தைக் கையால் கொடுத்து அனுப்பும் வசதியும் உண்டு.

இப்போது நடுவில் நின்றுவிடுகிற பிரச்சினை. இதற்கு இரண்டு காரணம். ஒன்று தூக்கம். லப்டொப் பத்து நிமிடத்தில் தூங்கப் போனால் வைஃபையும் போய்விடும்; பவர் செட்டிங்ஸில் ஒருபோதும் தூங்காதே என்று வைத்து, சார்ஜரைச் செருகிவிடுங்கள். போனில் திரை அணைந்ததும் பட்டரியைச் சேமிக்க அப்பை நிறுத்தும் பழக்கம் பல போன்களுக்கு உண்டு. லோக்கல்சென்ட்டுக்குப் பட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள், முடியும் வரை அப்பைத் திரையில் வைத்திருங்கள். மற்றது கரண்ட். ஒரு செக்கன் போய் வந்தாலும் றவுட்டர் திரும்ப எழும்ப ஓரிரு நிமிடம் எடுக்கும், அதற்குள் பைல் அறுந்துவிடும். லோக்கல்சென்ட் அறுந்த இடத்திலிருந்து தொடராது. பத்து ஜிபி போன பிறகு அறுந்தாலும் முதலிலிருந்துதான். ஹொட்ஸ்பொட் வழிக்கு இங்கேயும் ஒரு நன்மை: போனும் லப்டொப்பும் தத்தம் பட்டரியில் ஓடுவதால் கரண்ட் போனது கூட அவற்றுக்குத் தெரியாது.

அப்படியும் 11 ஜிபி வர்ணம் அறுந்துகொண்டே இருந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரக்கூடிய வழிக்கு மாறுங்கள். போனில் எஃப்டிபி சேர்வர் ஒன்றை, அதாவது போனிலுள்ள பைல்களை லப்டொப் நேரே எடுக்க விடும் வசதியை, ஓடவிட வேண்டும். பல பைல் மனேஜர் அப்களில் இது உள்ளேயே இருக்கிறது. தொடக்கினால் ஓர் இலக்கமும் அதன் பின்னால் 2121 போன்ற போர்ட் எண்ணும் காட்டும். லப்டொப்பில் ஃபைல்ஸில்லா என்ற இலவச மென்பொருளில் அவற்றைக் கொடுத்து, பைலை லப்டொப் பக்கம் இழுங்கள். அறுந்தால் திரும்ப இணைத்து அதே பைலை இழுக்கும்போது, மேலெழுதவா தொடரவா என்று கேட்கும். தொடர் என்று சொன்னால் 7 ஜிபி வந்திருந்த இடத்திலிருந்து மீதி நாலு மட்டும் வரும். போனிலுள்ள சேர்வரும் அதை ஆதரிக்க வேண்டும், அதனால் சிறிய பைல் ஒன்றில் வேண்டுமென்றே வைஃபையை நிறுத்திச் சோதித்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். எஃப்டிபியில் கடவுச்சொல் உட்பட எதுவும் மறைக்கப்படுவதில்லை. வேலை முடிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. மக் கொம்பியூட்டர் என்றால் ஏர்டிரொப், வேறு யோசனையே வேண்டாம். அதுவும் றவுட்டரைத் தொடாமல் நேரே போகிறது. விண்டோஸ் என்றால் லோக்கல்சென்ட்தான், ஆனால் முதல் தடவை லோக்கல் நெட்வொர்க் அனுமதி கேட்கும்போது மறுத்துவிட்டால் எதுவும் தெரியாது. பிரைவசி செட்டிங்ஸில் போய்த் திரும்பக் கொடுக்கலாம். ஐகிளவுட்டில் இடம் சேமிக்கும் வசதி போட்டிருந்தால் முழு வீடியோ போனிலேயே இருக்காது. அனுப்பத் தொடங்கும்போது முதலில் இணையத்திலிருந்து இறங்கும், அங்கேதான் டேட்டா போகும். ஐபோனில் மொபைல் டேட்டாவை நிறுத்தினால் ஹொட்ஸ்பொட்டும் நின்றுவிடும் என்பதால், அந்த வழியைப் பாவிப்பவர்கள் லப்டொப்பில் அந்த வைஃபையை மீட்டர்ட், அதாவது டேட்டாவைச் சிக்கனமாகப் பாவிக்க வேண்டிய இணைப்பு, என்று குறித்துவிடுங்கள். புரோரெஸ் என்ற தொழில்முறை வீடியோ முறையில் எடுப்பவர்கள் வைஃபையை விட்டுவிடுங்கள். 4கே புரோரெஸ் நிமிடத்துக்கு 6 ஜிபிக்குக் கிட்ட வரும், அதற்குக் கேபிள்தான்.

பைல் வந்து இறங்கும் இடத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். லப்டொப்பின் எஸ்எஸ்டியில் இறக்குங்கள். நேரே பென் டிரைவுக்கு அனுப்பினால் அதன் எழுதும் வேகம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும், மலிவானவற்றில் அது மிகக் குறைவு. அதைவிட, பென் டிரைவ் ஃபட்32 என்ற பழைய ஃபோர்மட் முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட எந்தப் பைலையும் ஏற்காது. உள்ளே 64 ஜிபி காலியாக இருந்தாலும் பைல் பெரிது என்று சொல்லும், பலர் அதைப் பழுதென்று நினைத்து எறிந்திருக்கிறார்கள். எக்ஸ்ஃபட் முறைக்கு ஃபோர்மட் செய்தால் சரி. உள்ளே இருப்பது எல்லாம் அழியும் என்பதால் முதலில் வெளியே எடுத்துவையுங்கள்.

வந்து சேர்ந்த பிறகு, போனில் 11 ஜிபி என்று இருந்த வர்ணம் லப்டொப்பில் 10.2 என்று காட்டும். பயப்பட வேண்டாம், ஒன்றும் தொலையவில்லை. போன் ஆயிரத்தால் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1024-ஆல் கணக்கிடுகிறது; மொத்த 46-உம் அங்கே 42.8 ஆகும். ஒப்பிட வேண்டியது பைட் எண்ணிக்கையை: பைலில் வலது கிளிக் செய்து ப்ரொப்பர்ட்டீஸில் பார்த்தால் அடைப்புக்குள் நீண்ட எண் ஒன்று இருக்கும், போனின் பைல் மனேஜரும் பைட் கணக்குக் காட்டினால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வீடியோவையும் திறந்து கடைசி நிமிடத்துக்கு இழுத்துப் பாருங்கள். போனில் எடுக்கும் எம்பி4 பைல்களில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பெரும்பாலும் பைலின் முடிவில்தான் எழுதப்படுகிறது. அரைகுறையாக வந்த பைல் பாதி ஓடி நிற்பதில்லை, திறக்கவே மாட்டாது. அதனால் கடைசி வரை ஓடினால் நிம்மதி. ஒலியும் கேட்கிறதா என்று பாருங்கள். விண்டோஸின் சொந்தப் பிளேயரில் படம் வராவிட்டால் விஎல்சியில் திறந்து பாருங்கள். போன் ஹெச்இவிசி என்ற வீடியோ சுருக்க முறையில் எடுத்திருக்கும், விண்டோஸ் அதற்குத் தனி நீட்சி கேட்கும்.

அக்காவுக்கு அரங்கேற்றம் இன்னொரு தடவை வராது. லப்டொப்பில் ஒரு பிரதி, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி என்று இரண்டும் திறந்து பார்த்த பிறகுதான் போனில் அழியுங்கள். போன் நிறைந்துவிட்டது என்று யார் அவசரப்படுத்தினாலும் கேட்க வேண்டாம்.

கேபிள் செருகும் போன் துவாரம் பழுது என்று முடிவுகட்டும் முன் ஒரு விஷயம். சார்ஜ் ஏறுகிறது, ஆனால் லப்டொப்புக்குத் தெரியவில்லை என்றால் அது பழுதாகவே இருக்கத் தேவையில்லை. மலிவான கேபிள்களில் சார்ஜுக்கான கம்பிகள் மட்டும் இருக்கும். அத்துடன் போனில் யூஎஸ்பி என்பது பெரும்பாலும் சார்ஜ் மட்டும் என்ற நிலையிலேயே தொடங்கும். மேலிருந்து அறிவிப்புத் திரையை இழுத்து, பைல் மாற்றம் என்று நீங்கள்தான் தெரிவுசெய்ய வேண்டும். போனோடு வந்த கேபிளைப் போட்டு இதை ஒருக்கால் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் உள்ளே பஞ்சும் தூசியும் அடைத்திருக்கலாம். ஊசியால் குத்த வேண்டாம், பம்பலப்பிட்டிப் பக்கம் போன் திருத்தும் கடை ஒன்றில் காட்டினால் துப்புரவாக்கித் தருவார்கள்.

கனடாப் பெரியம்மாவுக்கு 46 ஜிபியை அனுப்பப் பார்க்காதீர்கள். லப்டொப்பில் ஹான்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 1080பி அளவுக்குச் சுருக்குங்கள். தொலைக்காட்சியில் பார்க்க அது தாராளம், அளவு பல மடங்கு குறையும். யூடியூப்பில் அன்லிஸ்டட் என்று ஏற்றி இணைப்பை மட்டும் வட்ஸ்அப்பில் அனுப்பினால், அவ தன் வீட்டு டிவியிலேயே பார்க்கலாம், வெளியார் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவுக்குக் கணக்கைப் போன் இலக்கத்தால் ஒரு தடவை உறுதிப்படுத்த வேண்டும். உங்கள் பக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால் அந்த நேரத்தில் ஏற்றுங்கள். வர்ணத்தை முதலில் ஏற்றுங்கள், அவ அதைத்தான் கேட்பா.